ஏற்றத்தின் கணக்கு: ஊட்டி ரயில் ஏன் மழைக்கு நிற்கிறது, கொடைக்கானலுக்கு ஏன் ரயிலே இல்லை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோவை, நீலகிரிப் பதிப்பு நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பிடிக்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பாறை உருண்டது, தண்டவாளத்தில் மண் சரிந்தது, மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயில் ரத்து. இரண்டு நாள் கழித்து ரத்து நீட்டிப்பு. முன்பதிவு செய்தவர்களுக்கு டிக்கெட் கட்டணம் திருப்பித் தரப்படும் என்பது கடைசி வரி.

முன்பெல்லாம் படித்தவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள். 2025 ஜூன் மாதம் செனாப் பாலத்தின் வழியாகக் காஷ்மீருக்கு ரயில் போகத் தொடங்கிய பிறகு, இந்தச் செய்தியோடு ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டது. இமயமலையையே குடைந்து ரயில் விட்டாயிற்று. 46 கிலோமீட்டர் ஊட்டிப் பாதையை மழைக்காலத்தில் ஓட்ட முடியாதா? குன்னூரில் இப்படிக் கேட்கிறார்கள் என்றால், வத்தலக்குண்டுப் பக்கம் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறார்கள்: எங்கள் கொடைக்கானலுக்கு ரயிலே இல்லையே, அது ஏன்?

நியாயமான கேள்விகள். ஆனால் பதிலுக்குப் போகும் முன், நம் கையில் இருக்கும் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். ரயில் பாதை எவ்வளவு கடினம் என்பதை நாம் கிலோமீட்டரில் அளந்து பழகிவிட்டோம். மலையில் அதை மீட்டரில் அளக்க வேண்டும், செங்குத்தாக.

ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டு பாதைகள்

1891 மே மாதம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், விளாதிவஸ்தோக் துறைமுகத்தில், சைபீரிய ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பட்டத்து இளவரசர் நிக்கோலாய் நேரில் வந்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நீலகிரிப் பாதைக்கு முதல் மண்ணை வெட்டிப் போட்டவர் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு. இரண்டு வேலைகளும் மூன்று மாத இடைவெளியில் ஆரம்பித்தவை.

இன்று மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை உள்ள தூரம் 9,289 கிலோமீட்டர். அதன் மேற்குப் பகுதி முன்பே இருந்தது. புதிதாகப் போட வேண்டியிருந்தது மட்டுமே பல ஆயிரம் கிலோமீட்டர். ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் நிலம், பாலம் கட்டவே பயமுறுத்தும் ஆறுகள், வேலைக்கு ஆள் கிடைக்காத வனாந்தரம். கைதிகளையும் சிப்பாய்களையும் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அப்படியும், மஞ்சூரியா வழியாகச் சுற்றிப் போகும் கிளையையும் சேர்த்துக்கொண்டால், 1903 வாக்கில் பைக்கால் ஏரிப் பகுதி ஒன்றைத் தவிர மற்ற இடமெல்லாம் தண்டவாளம் போட்டாயிற்று.

நம் 46 கிலோமீட்டரோ 1908 வரை இழுத்தது.

இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்வது முழு நியாயம் ஆகாது. அங்கே பின்னால் நின்றது ஜார் மன்னரின் கஜானா. இங்கே பங்கு விற்றுப் பணம் சேர்த்த ஒரு கம்பெனி. அவசரத்தில் மெல்லிய தண்டவாளங்களைப் போட்டு, ஜல்லியைக் குறைத்துப் பரப்பி, பிற்பாடு பல இடங்களில் ரஷ்யர்கள் திருப்பிக் கட்ட வேண்டியும் வந்தது. ஆனாலும் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். அத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் கடைசிவரை முடியாமல் நின்ற துண்டு எது? பைக்கால் ஏரியின் தென்கரையில், மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில், சுமார் 260 கிலோமீட்டர். அங்கே சுரங்கத்துக்கு மேல் சுரங்கமாகக் குடைய வேண்டியிருந்தது. அது முடியும்வரை ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி ஏரியைக் கடந்தார்கள். 1904 குளிர்காலத்தில் ஜப்பானோடு போர் மூண்டபோது, உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேலேயே தண்டவாளம் போட்டுப் பெட்டிகளைக் குதிரை கட்டி இழுத்தார்கள். சமவெளி எவ்வளவு கொடூரமானதாக இருந்தாலும் ஆளும் பணமும் இருந்தால் தாண்டிவிடலாம். மலை வந்ததும் கணக்கே வேறு.

12-க்கு 1 என்றால் என்ன?

ரயில் பாதையின் ஏற்றத்தை ஒரு விகிதமாகச் சொல்வார்கள். 100-க்கு 1 என்றால், 100 மீட்டர் முன்னால் போகும்போது பாதை 1 மீட்டர் உயர்கிறது. சாதாரண ரயிலுக்கு அதுவே நல்ல ஏற்றம். சரக்கு ரயில் ஓட்டுபவரைக் கேட்டால் அதை மேடு என்றே சொல்வார்.

நீலகிரிப் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மிகச் செங்குத்தான இடங்களில் ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. ஆசியாவிலேயே மிகச் செங்குத்தான ரயில் பாதை என்று சொல்லப்படுவது இதனால்தான். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி அங்கே நின்றால், அதன் ஒரு முனை மறு முனையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். பெட்டிக்குள்ளேயே இடுப்பளவு மேடு!

இதன் விளைவை எடையில் பார்க்கலாம். என்ஜினையும் பெட்டிகளையும் சேர்த்து 100 டன் என்று வைத்துக்கொள்வோம்.

1. சமதளத்தில் இந்த ரயிலை உருட்ட அரை டன் அளவு இழுவை போதும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அவ்வளவு எளிதாக உருளும். ரயில்வேயின் பொருளாதாரமே இந்த வழுக்கலில்தான் நிற்கிறது.

2. 12-க்கு 1 ஏற்றத்தில், புவியீர்ப்பு மட்டுமே 8 டன்னுக்கு மேல் பின்னால் இழுக்கும். சமதளத்தைப் போல 16 மடங்கு.

3. அந்த 8 டன்னை எதிர்க்கும் பிடிமானம் எங்கிருந்து வரும்? என்ஜின் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள உராய்விலிருந்து. என்ஜின் 50 டன் என்றால், காய்ந்த தண்டவாளத்தில் அதன் கால் பங்கு, 12 டன் வரை பிடிக்கலாம். ஈரத்திலும் இலைச் சருகிலும் அது பத்தில் ஒரு பங்காக, 5 டன்னாக இறங்கிவிடும்.

4. 5 டன் பிடிமானத்தை வைத்துக்கொண்டு 8 டன்னை ஏற்ற முடியாது. ஏறுவது கிடக்கட்டும், இறங்கும்போது நிறுத்தவும் முடியாது. சக்கரத்தைப் பூட்டினாலும் ரயில் சறுக்கிக்கொண்டே போகும்.

சமவெளியில் ரயிலுக்கு வரமாக இருந்த வழுக்கல் மலையில் சாபமாகிவிடுகிறது. என்ஜினின் சக்தியைக் கூட்டினால் இது தீராது. சக்கரம் இன்னும் வேகமாக வெற்றுச் சுற்றுச் சுற்றும், அவ்வளவே.

மலை ஏற இருக்கும் வழிகள்

இந்தச் சிக்கலுக்கு இந்தியாவிலேயே நான்கு விதமான பதில்கள் தரையில் கிடக்கின்றன.

முதலாவது, ஏற்றத்தைத் தாங்கும் அளவுக்குக் குறைத்து, பாதையை நீட்டுவது. 1903-இல் திறந்த கால்கா – சிம்லா பாதை இந்த வகை. 33-க்கு 1 ஏற்றம். மலையை வளைத்து வளைத்து 96 கிலோமீட்டர். 1863-இல் திறந்த மும்பை – புணே இடையிலான போர் காட் என்னும் கணவாய்ப் பாதை 37-க்கு 1 ஏறியது.

இரண்டாவது, டார்ஜிலிங் வழி. அகலம் மிகக் குறைந்த பாதை போட்டு, ரயிலைச் சுழற்றியும், முன்னும் பின்னுமாக இங்குமங்கும் மாற்றி ஓட்டியும் ஏற்றுவது. 1881-லேயே செய்துவிட்டார்கள்.

மூன்றாவது, காஷ்மீர் வழி. மலை மேல் ஏறாமல் மலைக்குள் போவது. 272 கிலோமீட்டர் பாதை, கிட்டத்தட்ட முப்பது ஆண்டு வேலை, 12 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் ஒரு சுரங்கம், ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். இத்தனையும் எதற்கு? ஏற்றத்தை 80-க்கு 1 என்ற அளவுக்குள் வைத்திருப்பதற்கு. அப்போதுதான் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் சாதாரண ரயில் அப்படியே போக முடியும்.

காஷ்மீருக்கு முடிந்தது ஊட்டிக்கு முடியாதா என்ற கேள்விக்கு இந்த இடத்தில் ஒரு குட்டிப் பதில் இருக்கிறது. ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் நிலையம் சுமார் 1,710 மீட்டர். அதாவது காஷ்மீரின் தலைநகரம் நம் குன்னூரைவிடத் தாழ்ந்த ஊர். ஊட்டியோடு ஒப்பிட்டால் 600 மீட்டர் கீழே. உதம்பூரிலிருந்து பள்ளத்தாக்கின் வாசல்வரை ஏற வேண்டிய உயரம் சுமார் 1,000 மீட்டர். அதற்கு 150 கிலோமீட்டர் தூரம் கிடைக்கிறது. நீலகிரியில் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏற வேண்டியது 1,300 மீட்டர். கையில் இருப்பது சுமார் 20 கிலோமீட்டர் மலைச் சரிவு.

காஷ்மீர் கணக்கில் ஊட்டிக்குப் போனால் என்ன ஆகும்? மேட்டுப்பாளையம் 326 மீட்டர். பாதையின் உச்சி லவ்டேல் பக்கம் சுமார் 2,345 மீட்டர். அங்கிருந்து உதகை நிலையத்துக்குச் சற்று இறக்கம். வித்தியாசம் ஏறத்தாழ 2,000 மீட்டர். 80-க்கு 1 என்றால் 160 கிலோமீட்டர் பாதை வேண்டும். 46 கிலோமீட்டரில் முடிகிற ஊருக்கு 160 கிலோமீட்டர், அதுவும் பெரும்பகுதி சுரங்கமாக! நிதி அமைச்சகத்தில் அந்தக் கோப்பைத் திறந்தவுடன் மூடிவிடுவார்கள்.

நான்காவது வழிதான் நீலகிரிக்கு வந்தது: தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய சட்டத்தைப் பதித்து, என்ஜினின் பல் சக்கரம் அதைப் பிடித்து ஏறுவது.

54 ஆண்டு இழுபறி

நீலகிரிக்கு ரயில் என்ற யோசனை 1854-இல் எழுந்தது. தமிழ்நாட்டில் முதல் பயணிகள் ரயில் ஓடியதே 1856-இல்தான் என்பதை நினைத்துக்கொண்டால், இந்த ஆசை எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று தெரியும். காரணம் வெளிப்படை. வெள்ளைக்காரர்களுக்கு உதகை கோடை வாசஸ்தலம், பிறகு மாகாண அரசின் கோடைத் தலைநகரம். வெலிங்டனில் படை முகாம். சரிவெங்கும் காப்பித் தோட்டம், பின்னால் தேயிலை. குன்னூர் மலைப் பாதையில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போய்வந்துகொண்டிருந்தன.

1873-இல் அகல ரயில் பாதை மேட்டுப்பாளையம்வரை வந்துவிட்டது. அதற்கு மேல்தான் தகராறு. சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்குப் பல் சக்கர ரயில் விட்ட நிக்லாஸ் ரிகன்பாக் 1882-இல் அரசின் அழைப்பில் நீலகிரிக்கு வந்து பார்த்து மதிப்பீடு கொடுத்தார். கம்பெனி உருவானது, பணம் சேரவில்லை. 1891-இல் வென்லாக் பிரபு தொடங்கிவைத்த வேலையும் நடுவழியில் நின்றது. 1894-இல் அந்தக் கம்பெனி திவாலானது. 1896-இல் வந்த புதிய கம்பெனி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1899 ஜூன் 15-இல் குன்னூர்வரை ரயிலைக் கொண்டுவந்தது. 1903-இல் அரசே பாதையை விலைக்கு வாங்கியது. 1908 அக்டோபர் 15-இல் உதகைக்கு முதல் ரயில் போய்ச் சேர்ந்தது.

மொத்தம் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கிலோமீட்டருக்கு ஐந்து பாலங்களுக்கு மேல் வருகிறது. இந்தப் பாலக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழையைப் பற்றிப் பேசும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

தாமதம் ஒருவகையில் நன்மையும் செய்தது. ரிகன்பாக்கின் முறையில் தண்டவாளங்களுக்கு நடுவே ஓர் ஏணியைப் படுக்க வைத்ததுபோல இரும்புப் படிகள் இருக்கும். அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் இதைவிட நேர்த்தியான ஒன்றைக் கண்டுபிடித்து, 1885-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் ஓட்டிக் காட்டினார். நீலகிரியில் வேலை தொடங்கும் முன்பே ஆப்ட் முறை கைக்கு வந்துவிட்டது. பணம் முன்பே கிடைத்திருந்தால் நாம் ஏணியில்தான் ஏறியிருப்போம்.

பல் சட்டம் வேலை செய்யும் விதம்

மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் 7 கிலோமீட்டர் ரயில் சாதாரணமாகத்தான் போகிறது. பவானி ஆற்றைத் தாண்டிப் பாக்குத் தோப்புகளைக் கடந்தால் கல்லாறு. அங்கே நடைமேடையின் மேல் முனைக்குப் போய்த் தண்டவாளங்களுக்கு நடுவே பார்த்தால், புதிதாக ஒன்று முளைத்திருக்கும்: கிரீஸ் படிந்து கறுத்த இரண்டு இரும்புச் சட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில், மேல் விளிம்பு முழுக்கப் பல் வெட்டியவை. இரண்டுக்கும் இடையே 44 மில்லிமீட்டர் இடைவெளி. தண்டவாளத்தின் மட்டத்துக்கு மேலே 64 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். இதுதான் பல் சட்டம்.

உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். இரண்டு சட்டங்களின் பற்களும் நேருக்கு நேர் இல்லை. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். ஆப்ட் செய்த வேலை இதுதான். என்ஜினின் அடியில் உள்ள பல் சக்கரங்களும் இதற்கேற்ப மாற்றி மாற்றிப் பொருந்தும். ஒரு பல் விலகும் கணத்தில் அடுத்த பல் பிடித்திருக்கும். பிடி விடும் நேரமே கிடையாது, குலுக்கலும் குறைவு.

சட்டம் தொடங்கும் முனை மட்டும் ஸ்பிரிங் மேல் அமர்ந்திருக்கும். சுற்றி வரும் பல் சக்கரம் நேராகப் பள்ளத்தில் விழுமா, பல்லின் தலையில் மோதுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மோதினால் அந்த முனை சற்று அமுங்கிக் கொடுத்து, சக்கரம் தன் இடத்தைத் தேடிக்கொள்ள விடும். ரயில் இந்த இடத்தில் நடை வேகத்துக்குக் குறைவது அதற்காகத்தான். பிறகு அடியிலிருந்து வரும் சத்தம் மாறும். அதுவரை தடதடத்த ரயில், அதன்பின் அரைக்கத் தொடங்கும்.

என்ஜினும் தனி ரகம். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்த எக்ஸ் வகை நீராவி என்ஜின்களில் மேலும் கீழுமாக நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பல் சட்டம் வந்ததும், அந்த இரண்டும் பயன்படுத்தி வெளியே விடும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்குள் போய்ப் பல் சக்கரங்களைத் திருப்பும். ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது. நம் காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையே நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும் என்ஜின்களை இதே வகையில் புதிதாகக் கட்டியிருக்கிறது.

என்ஜின் ரயிலின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளும். இணைப்புக் கொக்கி அறுந்தால் பெட்டிகள் தறிகெட்டுக் கீழே ஓடக் கூடாதே. எப்போதும் பள்ளத்துப் பக்கம் என்ஜின், மேட்டுப் பக்கம் பெட்டிகள். இதனால் ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். ஒவ்வொரு பெட்டியிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். கல்லாறு யானைகள் கடக்கும் இடம். வளைவு திரும்பியதும் தண்டவாளத்தில் ஒரு கூட்டம் நின்றால், சிவப்புக் கொடி ஆட வேண்டியது அந்த மனிதர் கையில்தான். முன்பதிவு செய்துகொண்டு ஜன்னலோரம் அமர்ந்திருப்பவர்கள் இவரைக் கவனிப்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

பல் சட்டப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. நடுவில் அடர்லி, ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நின்று தண்ணீர் பிடிக்கும். மேலே போய்ச் சேர சுமார் 290 நிமிடம், இறங்க 215 நிமிடம். குன்னூரில் பல் சட்டம் முடிந்துவிடும். அதன்பின் ஏற்றம் 25-க்கு 1. டீசல் என்ஜின் மாற்றிக்கொண்டு, வெலிங்டன், அரவங்காடு, கேத்தி வழியாகச் சாதாரணச் சக்கரத்திலேயே உதகைக்குப் போய்விடுகிறது.

இதைப் பொம்மை ரயில் என்று அழைப்பது எனக்கு ஒப்புவதில்லை. டார்ஜிலிங் பாதையின் அகலம் 610 மில்லிமீட்டர். அதை வேண்டுமானால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். இது முழு மீட்டர் பாதை. எழும்பூரிலிருந்து மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நம் தாத்தா பாட்டி போனது இதே அகலத்தில்தான்.

ஐப்பசியில் ஏன்?

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் வரும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கும். ரயில் பாதை ஏறுவதோ மலையின் மறுபக்கத்தில், சமவெளியைப் பார்த்த தென்கிழக்குச் சரிவில். தென்மேற்கு மழையின் உக்கிரத்தை மலை தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. அக்டோபரில் காற்று திசை மாறி வங்கக் கடலிலிருந்து வீசும்போது, இந்தச் சரிவு நேருக்கு நேர் நின்று அதை வாங்குகிறது.

மண்ணும் சாதகமாக இல்லை. அடியில் சார்னகைட் என்னும் பழமையான கடும்பாறை. மேலே பல மீட்டர் ஆழத்துக்கு, அந்தப் பாறை காலப்போக்கில் உளுத்து உருவான செம்மண். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டதும் மேலும் போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது, அடியில் பிடிப்பு குறைகிறது. ஒரு கட்டத்தில் மேலே நிற்கும் மரத்தோடு சேர்ந்து மொத்தமும் கழன்று இறங்குகிறது. நடுவே பொதிந்திருந்த உருண்டைப் பாறைகள் தனியே விடுபட்டு உருளும். 1978, 1979, 1993, 2009 ஆகிய ஆண்டுகளின் பெருஞ்சரிவுகள் இந்த மாதங்களில் வந்தவையே. 2009 நவம்பரில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்; ரயில் பாதையும் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது.

பஸ் ஓடுகிறதே, ரயில் மட்டும் ஏன் ஓடாது என்று கேட்பவர்களுக்கு:

1. சாலையில் பாதி மண் மூடினாலும் மீதியில் ஒரு வண்டி போகலாம். முழுவதும் மூடினால் கோத்தகிரி வழியே சுற்றிக்கொண்டு போகலாம். ரயிலுக்கு ஒற்றைப் பாதை. சுற்று வழி கிடையாது.

2. சரிவைச் சுரண்டிப் போட்ட பாதை இது. ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு பாலம் என்றுதான் 250 வந்தது. ஓடை என்பது மழைநீரும் மண்ணும் கல்லும் இறங்கும் வழி. ஒரு மதகு அடைத்தால் தண்ணீர் பாதைக்கு மேல் ஏறி, ஜல்லியை அரித்துக்கொண்டு போகும். தண்டவாளம் அந்தரத்தில் ஊஞ்சல்போலத் தொங்கும் படங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

3. மண்ணை அள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்பது சாலைக்குப் பொருந்தும். பல் சட்டத்தில் பல்லுக்குப் பல் தூரம் மாறக் கூடாது. ஒரு பாறை விழுந்து ஒரு துண்டுச் சட்டம் வளைந்தாலும், இரண்டு துண்டுகள் சேருமிடம் சற்றே விலகினாலும், மேலே வரும் பல் சக்கரம் மோதும். பற்களுக்கு நடுவே சிக்கிய சின்னக் கல்கூடப் போதும். எனவே பாதையை அங்குலம் அங்குலமாக நடந்து பார்த்து, சட்டத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் ரயிலை விட முடியும். அந்த நடை, கேங்மேன்கள் மழையில் நடப்பது.

4. சரிந்த இடத்துக்கு இயந்திரம் கொண்டுபோவதும் சுலபமில்லை. பல இடங்களில் ரயில் பாதைக்குச் சாலைத் தொடர்பே இல்லை. சாமான் ரயிலில்தான் வர வேண்டும், ரயிலோ சரிவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

சரி, பழைய தொழில்நுட்பத்தை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்யக் கூடாதா? என்ஜினை மாற்றலாம், மலையை மாற்ற முடியாது. புதிய மின் என்ஜின் வந்தாலும் அது இதே பல் சட்டத்தைத்தான் பிடித்து ஏற வேண்டும், இதே செம்மண் சரிவில்தான் போக வேண்டும். சரிவுக்கு வலை கட்டுவது, தடுப்புச் சுவர் எழுப்புவது போன்றவை செய்யக்கூடியவை. அதிலும் பாதையோரச் சுவர் ஒன்று யானைகளுக்குத் தடையானதென்று எதிர்ப்பு எழுந்து, அதை இடிக்க வேண்டிவந்ததும் உண்டு. 2005 ஜூலையில் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டதால், நினைத்தபடி மாற்றும் சுதந்திரமும் இப்போது இல்லை. என்ஜினுக்குப் பெரிய பழுது வந்தால் லாரியில் ஏற்றித்தான் பொன்மலைக்குக் கொண்டுபோகிறார்கள். சுற்றிலும் எல்லாம் அகலப் பாதை ஆகிவிட்டது. இந்த 46 கிலோமீட்டர் மட்டும் தீவுபோல நிற்கிறது.

கொடைக்கானல் ஏன் விடுபட்டது?

மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் போய், அங்கிருந்து நடந்தோ டோலியில் ஆள் சுமக்கவோ மலை ஏறினார்கள். அந்த நிலையத்தின் பெயர்தான் இன்று கொடைக்கானல் ரோடு. பெயரை நம்பி இறங்கும் வெளியூர்க்காரர், இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும் என்று தெரிந்ததும் முழிப்பது வழக்கம்.

அன்றைக்கு ரயில் கேட்க அங்கே யாருக்கும் அவ்வளவு பலம் இல்லை. உதகையில் ஆளுநர் இருந்தார், வெலிங்டனில் பட்டாளம் இருந்தது, குன்னூரில் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகளும் சில அதிகாரிகளும் வீடு கட்டியிருந்தார்கள். ஏற்றி இறக்கச் சரக்கு குறைவு. உதகைப் பாதைக்கே கம்பெனி திவாலான நிலையில், இதற்குப் பங்கு வாங்க யார் வருவார்கள்? வத்தலக்குண்டு வழியான மலைச் சாலை 1914 வாக்கில் போடப்பட்டு, 1916-இல் மக்களுக்குத் திறந்தபோது மோட்டார் வாகனக் காலம் பிறந்துவிட்டது. மோட்டாருக்கு ரப்பர் டயர், ஈரத்திலும் பிடிக்கும். 12-க்கு 1 ஏற்றம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்று போட முடியுமா என்றால், கணக்கு இதுதான். அடிவாரத்திலிருந்து ஏற வேண்டியது சுமார் 1,800 மீட்டர். காஷ்மீர் முறையில் 80-க்கு 1 என்றால் 144 கிலோமீட்டர், பெரும்பாலும் சுரங்கம். நீலகிரி முறையில் 12-க்கு 1 என்று இடைவிடாமல் ஏறினாலும் சுமார் 22 கிலோமீட்டர் பல் சட்டம்; அதற்கென்று தனி என்ஜின், தனிப் பணிமனை, மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம். நடுவில் 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தின் காடு.

அத்தனையும் கைகூடிப் பாதை போட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் கிழக்குச் சரிவும் வடகிழக்குப் பருவமழைக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கிறது. ஐப்பசி மாத ரத்துச் செய்தியில் கூடுதலாக ஓர் ஊரின் பெயர் சேரும்.